பூதம் காத்த குழிகள்: தென்னாட்டு ஈமக்காடுகளும் புதையல் ஐதிகங்களும்

ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டு நிலங்களிலும், மலைச் சரிவுகளிலும், ஆடுமாடு மேய்வதற்கன்றி வேறொன்றுக்கும் உதவாது என்று உழவர் கைவிட்ட கரட்டுப் பிரதேசங்களிலும், பாறைகளை வட்டமாகப் பதித்தும், பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் ஏற்றியும், பெருந்தாழிகளை மண்ணுக்குள் இறக்கியும் புராதன மக்கள் அமைத்த இடுகாடுகள் தென்னாட்டில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. கல்வட்டம், கல்திட்டை, பதுக்கை, குடைக்கல், முதுமக்கள் தாழி என்று ஆராய்ச்சியாளர் இவற்றை வகைப்படுத்துவார்கள். ஊரார் வாயிலோ இவை பாண்டவர் வீடு, பாண்டவர் குழி, குள்ளர் வீடு, வாலியர் வீடு என்று வழங்கும். மறையூர்ப் பக்கம் முனியறை என்பார்கள். கன்னட நாட்டில் மோரியர் மனை என்பார்கள். இவற்றில் மிகப் பல கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய ஆயிரம் ஆண்டுகளுக்குள் எழுந்தவை. சில அதனினும் பழமையானவை. கட்டியவர் யார் என்ற நினைவு கட்டியவரோடே போய்விட்டது. அந்த நினைவு இருந்த இடத்தில் கதை வந்து குடியேறியது. அக்கதைகளுள் பரவலாலும் ஆயுளாலும் முதன்மை பெற்றது புதையல் கதை.

கதையின் உருவம் ஊருக்கு ஊர் சிறிதே வேறுபடும். கல்லுக்கு அடியில் சங்கிலியால் பிணைத்த ஏழு கொப்பரைப் பொன் இருக்கிறது. அமாவாசை இரவில் அக்கொப்பரைகள் தாமாகவே நகரும். சங்கிலி ஓசை கேட்டவர்கள் உண்டு. பூதமோ கருநாகமோ அதனைக் காக்கிறது. உரியவன் வந்தால் விலகும். உரியவன் அல்லாதவன் மண்வெட்டியை ஓங்கினால் அவன் குலம் விளங்காது. கிடாவைக் கேட்கும், சேவலைக் கேட்கும், கடைசியில் தலைச்சன் பிள்ளையையே கேட்கும். பொன் உண்டு என்பது கதையின் ஒரு பாதி. அதைத் தொடக்கூடாது என்பது மற்றொரு பாதி. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்காமல் வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவோர், இந்தக் குழிகள் இரண்டாயிரம் ஆண்டுகள் எவ்வாறு பிழைத்திருந்தன என்ற கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் ஆகிறார்கள்.

நிலத்தில் செல்வத்தைப் புதைக்கும் வழக்கம் கற்பனையன்று. நந்தர்கள் தம் பெருநிதியைக் கங்கை நீருக்கடியில் மறைத்து வைத்ததாக அகநானூற்றுப் புலவர் மாமூலனார் குறிப்பதிலிருந்து, மறைந்த நிதி பற்றிய பேச்சு சங்க காலத் தமிழகத்திலேயே உலவியது தெளிவாகிறது. நிதி கண்டெடுத்தவனுக்கு ஆறில் ஒரு பங்கு என்றும், கண்டவன் கூலியாளாக இருந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றும், அளவு லட்சத்தைத் தாண்டினால் அரசனுக்கே உரியது என்றும் அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. பிற்காலத்தில், விஜயநகர அரசர் காலத்துத் தான சாசனங்களில் நிலத்தோடு கூட நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம் என்று தொடங்கும் எட்டு போகங்களும் தானம் பெறுவோனுக்கு மாற்றித் தரப்பட்டன; அதாவது, மண்ணுக்குள் இருக்கக்கூடும் என்று எண்ணிய பொன்னும் விளைச்சலைப் போலவே பத்திரத்தில் ஏறிய உரிமையாய் இருந்தது.

உண்மையில் அகப்பட்டவையும் குறைவல்ல. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842இல் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் வெளிப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றின்மேல் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு விழுந்திருந்தது. இவை போன்ற நாணயக் குவியல்கள் உயிரோடிருந்த ஒருவன் மீண்டும் எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு புதைத்து, யுத்தமோ நோயோ குறுக்கிட்டதால் எடுக்காமற் போனவை. திரும்பி வருபவனுக்காகக் காத்திருக்கும் பொருளுக்குத்தான் காவல் வேண்டும். இறந்தவனோடு வைத்த பொருளோ திரும்பப் பெறுவதற்காக வைத்ததன்று, கொடுத்துத் தீர்ந்தது. இரு வேறு செயல்களையும் ஒன்றாகக் கலந்து, முதலாவதன் பூதத்தை இரண்டாவதன் வாசலில் நிறுத்தியதே புதையல் கதை செய்த காரியம்.

இக்கலப்பு ஏன் நேர்ந்தது என்பதற்குக் கற்களே விளக்கம் தருகின்றன என்பது என் அபிப்பிராயம். பல ஆட்கள் கூடியும் அசைக்க முடியாத மூடுகல்லை ஒருவன் காணும்போது, இவ்வளவு பாரத்தை யாரும் வீணாக ஏற்றமாட்டார்கள், உள்ளே ஏதோ விலைமதிப்புள்ள வஸ்து இருக்கவேண்டும் என்று அவன் மனம் முடிவு கட்டுவது இயற்கை. அதே கல்லறையின் பக்கப் பலகையில் வட்டமாய்க் குடைந்த துவாரத்தைக் காண்கிறான். முழு ஆள் நுழைய முடியாத வாசல். ஆகவே உள்ளே வசித்தவர்கள் குள்ளர்கள். குள்ளர்கள் இத்தனை பெரிய கல்லைத் தூக்கினார்கள் என்றால் அவர்கள் மாயம் வல்லவர்கள். மோரியர் என்ற குறுமக்கள் வானத்திலிருந்து விழப்போகும் நெருப்பு மழைக்கு அஞ்சிக் கல்லால் வீடு கட்டிக்கொண்டார்கள் என்று கன்னட நாட்டில் வழங்கும் கதையும் இத்தகைய யுக்தியின் விளைவே. கல்லின் பாரமும் துவாரத்தின் சிறுமையும் எழுப்பிய கேள்விகளுக்கு, சாஸ்திரம் அறியாத கூரிய புத்தி கண்ட விடைகள் இவை. அந்தப் புத்தியை நான் மிகவும் மதிக்கிறேன்.

திறந்து பார்த்தபோது உள்ளே என்ன இருந்தது? மலையாளக் கரையில் பாண்டவர் குழிகள் சிலவற்றைத் தோண்டிய பாபிங்டன் 1823இல் வெளியான தம் விவரணத்தில் சொன்னது முதல் இன்று வரை அகழ்ந்தவர்கள் சொல்வது ஏறத்தாழ ஒன்றே: கறுப்பும் சிவப்புமான மண்கலங்கள், இரும்புக் கருவிகள், மணிகள், எலும்புத் துண்டுகள். நீலகிரியின் முதல் கமிஷனரான பிரீக்ஸ் மலையுச்சிக் கல்வட்டங்களில் அழகிய வெண்கலக் கிண்ணங்களையும் சிறு பொன்னணிகளையும் கண்டெடுத்தார். 1872இல் அவர் இறந்தபின், அடுத்த ஆண்டு அவருடைய நூல் வெளிவந்தது. நொய்யல் கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் நடத்திய அகழ்வில் ஒரே கல்லறையிலிருந்து 2,200க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் வந்தன. புதுச்சேரிக்கு அருகே சுத்துக்கேணியில் பொன் நகைகள் கிடைத்தன. இவை விதிவிலக்குகள். பொன் கிடைத்த இடத்திலும் அது கொப்பரை அளவாய் இல்லை. ஒருவர் உடம்பில் அணியும் அளவாய் இருந்தது.

எல்லாவற்றிலும் பெரிய விதிவிலக்கு, தாமிரபரணியின் தென்கரையில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், சரள் மண் மேடாக நீண்டு கிடக்கும் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. 1876இல் பெர்லின் நகரத்து யாகோர் இங்கே தோண்டி, ஐம்பதுக்கு மேற்பட்ட வகை மண்பாண்டங்களையும், இரும்பு ஆயுதங்களையும், மண்டையோடுகளையும் தம் நாட்டுக்குக் கொண்டு போனார். தொல்பொருள் இலாகாவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ 1899க்கும் 1905க்கும் இடையே விரிவாக அகழ்ந்தார். இடுகாட்டின் பரப்பு 114 ஏக்கர் என்று அவர் கணக்கிட்டார்; இரண்டு கஜத்துக்கு ஒரு தாழி என்று வைத்துக்கொண்டாலும் ஓர் ஏக்கருக்கு ஆயிரத்துக்கு மேல் ஆகும். தாழிகளுக்குள் எலும்போடு சிறு கலங்களும், அக்கலங்களில் நெல் உமியும் சிறுதானிய உமியும், உலோகத்தோடு ஒட்டிய துணியின் சுவடும் இருந்தன. எருமை, சேவல், புலி, யானை உருவங்களைத் தாங்கிய வெண்கல மூடிகளும், தாய்த்தெய்வம் என்று கருதப்படும் சிறு வெண்கலப் பெண்ணுருவமும் கிடைத்தன. வாள்களும் ஈட்டிகளும் முனை கீழாக மண்ணில் குத்தியவாறு தாழிகளைச் சுற்றி நின்றன. துக்கத்துக்கு வந்தவர்கள் தம் கை ஆயுதத்தை அங்கேயே ஊன்றிவிட்டுத் திரும்பியது போன்ற நிலை அது என்று ரீ எண்ணினார். தம் காலத்தின் பெரும் செல்வமாகிய இரும்பை இவ்வளவு தாராளமாக மண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் போன ஜனங்களை எண்ணும்போது மனம் நெகிழாமல் இருப்பதில்லை.

இவற்றோடு பொன்னும் கிடைத்தது. நெற்றியில் கட்டும் பட்டங்கள். நீள்வட்ட வடிவில் அடித்த மெல்லிய தகடுகள். இரு முனைகளிலும் நூல் கோக்கத் துளை. மேலே புள்ளிகளாலும் கோடுகளாலும் இட்ட முக்கோண அலங்காரம். தென்னாட்டின் பண்டை இடுகாடுகளில் பொன் கிடைத்ததற்கு இவற்றினும் பிரசித்தமான சான்று வேறில்லை.

இந்த ஆதிச்சநல்லூரும் கொற்கையும் அடங்கிய பிரதேசத்தில் தாழிகளைப் பற்றி மக்கள் சொன்ன கதையைத் திருநெல்வேலிச் சீமையில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல் 1877இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ சஞ்சிகையில் பதிவு செய்தார். திரேதாயுகத்தில் மனிதருக்கு மூப்பு உண்டு, சாவு எளிதில் வராது. வயது ஏற ஏற உடல் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் சுவரில் விளக்கு வைக்கும் மாடத்தில் தூக்கி வைக்கும் அளவுக்குச் சிறுத்துப்போவார்கள். பேணி அலுத்த பிள்ளைகள், அரிசியும் தண்ணீரும் எண்ணெயும் உடன் வைத்து, அவர்களைத் தாழிக்குள் இட்டு ஊருக்கு வெளியே புதைத்துவிட்டார்கள். இன்றும் தென்பாண்டி நாட்டுப் பாட்டிமார் இதைச் சிற்சில மாறுதல்களோடு சொல்வார்கள். தாழிகளைத் தாமே திறந்து பார்த்த கால்டுவெல், எலும்புகள் சாதாரண உயரமுள்ள மனிதருடையவையே என்று கண்டு கதையை மறுத்தார். மறுப்பு சரியே. ஆயினும் கதையில் உள்ள பொருள்களின் ஜாபிதாவைக் கவனியுங்கள். தானியம், நீர், எண்ணெய், அவற்றுக்குரிய கலங்கள். ரீ பிற்பாடு தாழிகளுக்குள் கண்ட உமியும் கலங்களும் இந்த ஜாபிதாவோடு பொருந்துகின்றன. பூதம் இல்லை, கொப்பரை இல்லை, சங்கிலி இல்லை. தமிழகத்தில் எங்கே மெய்யாகவே பொன் இருந்ததோ, அந்தப் பிரதேசத்தில் கால்டுவெல் காதில் விழுந்த கதையில் பொன்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதற்கும் காரணம் கல்லறையின் அமைப்பில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். பரம்பின் சரள் மண்ணைச் சாலை போடுவதற்காக வெட்டியபோதெல்லாம், மழைநீர் கரையை அரித்தபோதெல்லாம், தாழிகள் உடைந்து தம் உள்ளீட்டைக் காட்டிக்கொண்டிருந்தன. உள்ளே இருப்பது சட்டியும் எலும்பும் என்று அங்கே மாடு மேய்த்த சிறுவனுக்கும் தெரியும். அவன் மனத்தில் எழுந்த கேள்வி வேறு: இந்தக் குறுகிய வாய் வழியாக ஒரு முழு மனித உடல் எப்படி உள்ளே போயிற்று? சுருங்கிய முதியவர் கதை அந்தக் கேள்விக்கு விடை. மூடிக் கிடந்த கல்லறைக்குப் புதையலும், திறந்து கிடந்த தாழிக்கு முதியவரும் வாய்த்தார்கள். ஐதிகம் சரித்திரத்தைச் சொல்லாவிட்டாலும், கதை பிறந்த இடத்தில் மக்கள் எதைக் கண்ணால் கண்டார்கள், எதைக் காணவில்லை என்பதைப் பிசகாமல் சொல்கிறது.

தாழியில் கவிப்பது தமிழ் இலக்கியத்துக்கும் புதிதன்று. சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் குயவனை நோக்கிப் பாடியதும், கணவனை இழந்த ஒருத்தி தனக்கும் சேர்த்து இடம் போதுமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவனை வேண்டுவதும் புறநானூற்றில் உள்ளன. மணிமேகலை, பிணத்தை அடக்கும் முறைகள் ஐந்தை எண்ணும்போது தாழியையும் எண்ணுகிறது. அங்கெல்லாம் பொன்னுக்கு இடமில்லை; தாழியைப் பற்றிய பேச்சு குயவனோடும் மண்ணோடும் நின்றுவிடுகிறது.

இனி, குழிகள் எவ்வாறு பாழாயின என்ற விஷயத்துக்கு வருகிறேன். பூதத்தின் மேல் அச்சம் உள்ளவரை கல்லறைக்குக் காவல் இருந்தது. பூதத்தை விலக்கும் வித்தை தெரியும் என்று சொல்பவன் வந்ததும் காவல் நீங்கிற்று. புதைத்த நிதியின் அடையாளங்களையும், அதைக் காண உதவும் அஞ்சன முறைகளையும் விவரிக்கும் ‘நிதிப்ரதீபம்’ என்ற வடமொழி நூல் 1930இல் திருவனந்தபுரம் சமஸ்கிருத கிரந்தாவளியில் அச்சேறியது. நம் கிராமங்களில் வெற்றிலையில் மை போட்டுப் பார்த்து, கொப்பரை இருக்கும் திசையைச் சொல்லும் மந்திரவாதியின் தொழிலுக்கு இவ்வளவு நீண்ட சாஸ்திரப் பின்னணி உண்டு. எகிப்தில் இதே தொழிலுக்கு வழிகாட்டியாய் இருந்த அரபு நூல் ஒன்று, யுத்தங்களையும் யுகங்களையும் விட அதிகமான பழஞ்சின்னங்களை அழித்தது என்று மஸ்பரோ என்னும் பேரறிஞர் கருதினார். அதை ரகசியமாகப் பெருவிலைக்கு விற்கும் வியாபாரம் ஒழியட்டும் என்று அகமது கமால் 1907இல் கெய்ரோவில் வெளிப்படையாகவே அச்சிட்டார். நம் நாட்டில் மை போடுகிறவனுக்குப் புத்தகம் வேண்டியதில்லை, வாய்மொழி போதும். ஆதலால் அச்சிட்டு அவன் மதிப்பைக் குறைக்கும் உபாயமும் இங்கே செல்லாது.

சர்க்காரின் சட்டமும் ஒரு வகையில் பூதத்தை ஓய்வுபெறச் செய்தது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருள் மண்ணில் அகப்பட்டால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் மறைத்தால் தண்டனை. பழம்பொருளுக்கு உரியவர் எவரும் இல்லை என்று தீர்ந்தால், வேறு உடன்படிக்கை இல்லாதபோது, கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரனுக்குக் கால் பங்கும் சேரும். நேர்மையான ஏற்பாடுதான், சென்னை மியூசியத்துக்குப் பல அருமையான நாணயங்களும் செப்புத் திருமேனிகளும் வந்து சேர்ந்தது இதன் பயனாகவே. ஆனால் இச்சட்டம் ரூபாயில் மதிக்கத்தக்க பொருளையே கண்ணில் கொண்டது. இடுகாட்டில் ஒரு சட்டி எந்தச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தது என்பதற்கு ரூபாய் மதிப்பு ஏது? புதையல் தேடுகிறவன் மூடுகல்லைக் கடப்பாரையால் நெம்பிப் பிளந்து, எலும்பையும் ஓட்டையும் வாரி எறிந்து, பொன் இல்லாத ஏமாற்றத்தோடு அடுத்த குழிக்குப் போகிறான். ஒவ்வொரு ஏமாற்றமும் கதையைத் தளர்த்துவதற்குப் பதிலாக வலுப்படுத்துகிறது. நேற்று வந்தவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான், அல்லது பூதம் கொப்பரையை நகர்த்திவிட்டது என்று அவன் நம்புகிறான். பொன்னாசை இல்லாத சரள் மண் குத்தகைக்காரனும் கல்லுடைப்பவனும் அழித்தது இவனால் அழிந்ததைவிட அதிகமாய் இருக்கலாம் என்பதையும் மறைக்கக்கூடாது.

படித்தவர்கள் இந்நோயிலிருந்து முற்றிலும் தப்பினார்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ரீயின் உழைப்பு பெரியது; 1915இல் வெளியான அவருடைய ஆதிச்சநல்லூர், பெரும்பேர் பொருள் அட்டவணை இன்றும் இன்றியமையாதது. ஆயினும் அது பொருள்களின் அட்டவணை. பட்டங்கள் வரிசையாக இருக்கின்றன, வாள்கள் வரிசையாக இருக்கின்றன, மூடிகள் வரிசையாக இருக்கின்றன. இன்ன பட்டம் இன்ன தாழியில், இன்ன எலும்போடு, இன்ன கலங்களின் நடுவே இருந்தது என்று தொடர்புபடுத்தும் குறிப்பைத் தேடுவோர்க்கு அது போதிய உதவி செய்வதில்லை. பொற்பட்டம் கட்டியவர் தலைவரா, பூசாரியா, மணமாகாத பெண்ணா, குழந்தையா? அவருக்கு அருகில் புதைந்தவர்க்கு இரும்பு மட்டுமே கிடைத்ததா? பொன்னைப் பெற்றவர்கள் பரம்பின் ஒரு பக்கமாகக் கூடிக் கிடந்தார்களா, எல்லா இடத்திலும் கலந்து கிடந்தார்களா? ஒரு சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வை உரைத்துக் காட்டக்கூடிய இக்கேள்விகளுக்கு, தாழி கலையாமல் இருந்த அந்த ஒரு தருணத்தில் மட்டுமே விடை இருந்தது. அக்காலத்து மியூசியங்கள் காட்சிக்கு ஏற்ற வஸ்துவையே வேண்டின. அகழ்ந்தவரும் வஸ்துவையே தேடினார். புதையல் கதையின் முதற்பாதி அவர்கள் கையிலும் ஒரு மண்வெட்டியைக் கொடுத்திருந்தது.

நூறாண்டு கழித்து, 2004இலும் 2005இலும் தொல்லியல் துறையார் பரம்பின் ஒரு சிறு பகுதியை மறுபடி திறந்தபோது முறை மாறியிருந்தது. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தாழிகள், எந்த அடுக்கில் எந்தத் தாழி, எது முந்தியது, எது பின்னால் இறக்கப்பட்டது என்ற நிர்ணயத்தோடு வெளிப்பட்டன. அங்கே கிடைத்த ஓர் ஓட்டில் பெண்ணுருவம் ஒன்றும், மானும், கொக்கும், முதலை போன்ற ஒரு பிராணியும், கதிரும் மண்ணாலேயே ஒட்டிப் புடைப்பாகச் செய்யப்பட்டிருந்தன. தாமிரபரணிக் கரையின் வயலும் நீர்நிலையும் அவ்வளவு சிறிய ஓட்டில் அடங்கியிருக்கின்றன. 2022இல் மீண்டும் ஒரு பொற்பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு, குழிகளின்மேல் கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளைக் கிடந்த நிலையிலேயே மக்கள் பார்க்கும் ஏற்பாடு அந்த இடத்திலேயே செய்யப்பட்டது. 114 ஏக்கரில் இன்னும் திறவாத பாகமே பெரிது. அதில் எவ்வளவைத் திறப்பது, எவ்வளவை வருங்காலத்தின் நுட்பமான கருவிகளுக்காக விட்டுவைப்பது என்ற முடிவை இன்றைய அகழ்வாளர் எடுத்தாக வேண்டும். பெரும்பகுதியை விட்டுவைப்பதே தக்கது என்று நான் நினைக்கிறேன்.